ஹசனின் பாத்தியில் நான் புதைத்த புல்

1

தோட்டச் சங்கத்திலிருந்து வருடாந்தப் படிவம் வந்திருக்கிறது. நாலு பக்கம். பெயர், விலாசம், துண்டின் இலக்கம், தண்ணீர்த் தொட்டி உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போய், கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய வெறும் பெட்டி. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அதற்கு மேலே எழுதியிருக்கிறது.

முப்பத்தைந்து வருடமாகப் படிவம் நிரப்புகிறவன் நான். ஜெர்மனியில் பதினொரு வருடம், மிச்சமெல்லாம் இங்கே லண்டன் எட்மண்டனில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஊரிலிருந்து வெளிக்கிடப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தக் கடைசிப் பெட்டியை மட்டும் நிரப்பக்கூடாது. ஜெர்மனியில் அகதிகளை வைத்திருந்த விடுதியில் எனக்கு முந்தி வந்த ஒருவர் முதல் நாளே சொல்லித் தந்தார். “தம்பி, கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததைச் சொன்னியெண்டா அதுக்கு இன்னொரு படிவம் வரும்.” அந்த ஒரு புத்தியை வைத்துக்கொண்டுதான் இரண்டு நாடுகளில் விசா எடுத்தேன், பிரஜாவுரிமை எடுத்தேன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். போன வருடம் வரைக்கும் அது என்னைக் கைவிட்டதில்லை.

படிவத்துக்குப் பக்கத்தில், குசினி யன்னலில், ஒரு தட்டு நிறையக் கோதுமைப் பயிர் நிற்கிறது. கத்தோலிக்க வீடுகளில் இது தெரிந்த விஷயம். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மூன்று கிழமைக்கு முன் தானியத்தைத் தட்டில் விதைத்தால், பாலன் குடில் வைக்கும்போது பச்சைப்பசேலென்று ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். ஊரில் நெல்லும் குரக்கனும் போட்டோம். இங்கே கோதுமை. தை ஆறாம் திகதி மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது அந்தப் பயிரைக் குப்பைவாளியில் போடுவதில்லை. பாலனுக்குப் பக்கத்தில் நின்ற பயிர், அது மண்ணுக்குத்தான் போகவேண்டும்.

இன்று காலை என் மனைவி றெஜினா தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதை என்ன செய்யப் போறியள்?”

“பாப்பம்.”

“பாக்கிறதெண்டாப் பாருங்கோ. போன வருஷம் மாதிரி மற்றவன்ரை பாத்தியிலை கொண்டுபோய்க் கொட்டிப்போட்டு வந்து முழுசிக்கொண்டு நிக்காதேங்கோ.”

ஒரு வருடம் ஆகிவிட்டது. அவள் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2

மாடி வீடுகளில் இருக்கிறவர்கள் மரக்கறி நடுவதற்கென்று கவுன்சில் ஒதுக்கிய வெளிக்கு இங்கே அலொட்மென்ட் என்று பெயர். நீள நீளமான துண்டுகளாகப் பிரித்து, இலக்கம் போட்டு, ஒரு சங்கத்திடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துண்டு கிடைக்க நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும். எனக்குப் பன்னிரண்டாம் இலக்கம். ரொட்டித் தொழிற்சாலையில் பதினாறு வருடம் கோதுமை மா மூட்டைகளுக்கு நடுவில் நின்று, ஓய்வு பெற்ற கையோடு கிடைத்தது. அத்தனை வருடம் மாவைச் சுவாசித்தவன் கோதுமையின் வேரை ஒரு நாளும் கண்டதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பதின்மூன்றாம் இலக்கம் ஹசனுடையது. சைப்பிரஸ்காரர், எழுபத்தெட்டு வயது, முப்பது வருடம் காற்சட்டை தைத்தவர். சண்டையில் ஊரை விட்டு ஓடி வந்த கதை அவருக்கும் இருக்கிறது. இருவரும் ஒருமுறை சொல்லிக்கொண்டோம், பிறகு அதைத் தொடவில்லை. எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஒரே அளவு ஓட்டை என்பதால் ஒருவரை ஒருவர் வடிவாக விளங்கிக்கொண்டோம். அவர் பேச்சை இங்கே தமிழில் எழுதும்போது அந்த ஓட்டைகளை நான்தான் அடைத்திருக்கிறேன்.

ஹசனின் துண்டில் நடுநாயகமாக ஒரு நீளப் பாத்தி. அதில் அஸ்பாரகஸ். தண்ணீர்விட்டான் கிழங்கு என்கிற நம்முடைய சாத்தாவாரிக்குச் சொந்தம். கிழங்கு நிலத்துக்குள் கிடக்கும், ஏப்ரலில் பென்சில் பருமனில் முளை விடும், அந்த முளையை வெட்டித் தின்பார்கள். நட்டு முதல் இரண்டு மூன்று வருடம் ஒரு முளையைக்கூட வெட்டக்கூடாது. பொறுத்திருந்தால் பிறகு இருபது வருடத்துக்குத் தரும். ஒரே நிபந்தனை, அந்தப் பாத்தியைக் கொத்தக்கூடாது, கிளறக்கூடாது. ஹசன் பதினைந்து வருடமாக அதைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்து வந்தார். ஒவ்வொரு ஏப்ரலிலும் முதல் வெட்டை முட்டையோடு பொரித்து, பாதியை மூடிபோட்டு எனக்குக் கொண்டுவந்து தருவார். ருசியென்றால் ருசி, சும்மா சொல்லக்கூடாது.

என் துண்டில் எனக்கு முந்தி இருந்தவர் விட்டுவிட்டுப் போனது புல். கவுச் கிராஸ் என்பார்கள், பெயரைச் சொல்லும்போதே முகத்தைச் சுளிப்பார்கள். ஆடியில் கதிர் விடும். மெலிந்துபோன கோதுமைக் கதிர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மேலே பார்த்தால் ஏழைப் பிள்ளை மாதிரி நிற்கும். கீழே வெள்ளை வேர்கள் நிலமெல்லாம் ஓடிக்கிடக்கும்.

மற்றவர்கள் அதை முள்ளுக்கரண்டி போன்ற ஒரு சாமானால் கிளப்பி, ஒவ்வொரு வேராக உதறி உதறிப் பொறுக்கினார்கள். கோழி கிளறுகிற வேலை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எங்கள் ஊர் இளவாலைச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவன். சண்டை முடிந்தபின் ஊருக்குப் போனபோது ஒரு மண்வெட்டித் தகட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். விமான நிலையத்தில் அதிகாரி இது என்ன ஆயுதம் என்று கேட்டார். விவசாயம் என்றேன், கேட்டதுக்கு மட்டும் பதில். சில வருடம் புல்லை மேலால் செதுக்கியே சமாளித்தபின், முந்தின வருடக் கார்த்திகையில் அதற்குப் பிடி போட்டு இறங்கிக் கொத்தத் தொடங்கினேன். கொத்திப் புரட்டி, புரட்டியதைத் திரும்பக் கொத்தி, இரண்டு விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக. நடந்து போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வயது இருபது குறைந்துவிட்டது.

ஹசன் ஒருநாள் வந்து பக்கத்தில் நின்றார். “தாஸ், அதை வெட்டாதே. இழு” என்றார்.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் பெரிய கெட்டிக்காரன். அவர் போனதும் திரும்பக் கொத்தினேன்.

3

ஹசன் குளிர் தாங்காமல் ஒவ்வொரு தை மாதமும் சைப்பிரசுக்குப் போய், பங்குனி முடிவில்தான் வருவார். போன வருடம் போகும்போது கொட்டிலின் சாவியை என்னிடம் தந்து, “பாத்தியைப் பார்த்துக்கொள்” என்றார்.

பார்த்துக்கொள் என்றால் சும்மா பார்த்துக்கொண்டு நில் என்றுதான் அர்த்தம். எனக்கு அது போதவில்லை. வருடா வருடம் முட்டையும் அஸ்பாரகசும் சாப்பிட்ட வாய்க்கு ஏதாவது செய்யவேண்டும் என்று இருந்தது. ஊரில் தோட்டத்துக்குக் குழை தாழ்ப்போம், அதாவது பச்சை இலைகுழையை மண்ணுக்குள் புதைத்து மக்க விடுவோம். அதைவிட நல்ல பசளை இல்லை. என் துண்டின் மூலையில் கொத்திக் குவித்த புல் இரண்டு குவியலாகக் கிடந்தது. கடவுளே, அதை மூன்று தள்ளுவண்டி ஏற்றிக்கொண்டுபோய் ஹசனின் பாத்தி முழுக்க, கிழங்குகளுக்கு இடையில் இடையில் பரப்பி, மேலே மண் போட்டு மூடினேன். எல்லாவற்றுக்கும் மேலே, ஆசீர்வாதம் போல, எங்கள் குடிலின் கோதுமைத் தட்டையும் கவிழ்த்து, பயிரை எடுத்து நட்டேன்.

வீட்டுக்கு வந்து றெஜினாவிடம் சொன்னேன். “ஹசன் வந்து பாத்தா வாயைப் பிளப்பார்.”

“கேட்டே செய்தனீங்கள்?”

“கேட்டுச் செய்தா அதென்ன அன்பளிப்பு?”

எனக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்று. ஊரில் நான் கொத்திப்போட்ட புல்லைக் கொன்றது என் மண்வெட்டி இல்லை. சித்திரை வெயில். கொத்தியதை இரண்டு நாளில் அது காயவைத்துச் சருகாக்கியது. அந்தப் பாதி வேலையை வெயில் செய்ததென்று நாற்பது வருடமாக எனக்குத் தோன்றவேயில்லை, முழுவதும் என் கைப்பக்குவம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். லண்டனின் ஈரத்தில் வெட்டிய ஒவ்வொரு துண்டும் சாகவில்லை, ஒவ்வொன்றும் ஒரு புல்லாகப் போகிறதென்று காத்திருந்தது. நான் அவற்றுக்கு மண்ணும் போட்டு மூடியிருக்கிறேன்.

4

ஹசன் ஒரு பை நிறைய ஒலிவ் காய்களோடு திரும்பி வந்தார். ஏப்ரலில் அஸ்பாரகஸ் முளையோடு சேர்ந்து பாத்தியெங்கும் பச்சைத் தாள்களும் எழும்பின. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நான் சிரித்தேன். “அது கோதுமை. எங்கள் பாலனின் கோதுமை. நான்தான் வைத்தேன்” என்று குடிலின் கதையைச் சொன்னேன். பசளை விஷயத்தை இன்னும் கொஞ்ச நாளில், பலன் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஹசன் முஸ்லிம். பிடுங்கப் போன கையை எடுத்துவிட்டு, “உன் பிள்ளைக்கு வைத்த கோதுமை என்றால் நிற்கட்டும்” என்றார்.

மூன்று கிழமை நின்றது. அந்த மூன்று கிழமையில் அது கிழங்குகளுக்குள் புகுந்துவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள் ஹசன் பாத்தியோரம் முழங்காலில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு பிடி புல், வேரோடு.

“தாஸ், இது கோதுமை இல்லை.”

“இல்லையா?”

“நான் கோதுமை விளைகிற ஊரில் பிறந்தவன். அங்கே வயல் ஓரத்தில் கோதுமையின் சொந்தக்காரர் எல்லாரும் நிற்பார்கள். கோதுமைக்கு வேர் தாடி மாதிரி இருக்கும். இதைப் பார், கயிறு. இதுவும் கோதுமைக்குச் சித்தப்பா பிள்ளைதான். ஆனால் மா தராது. இடத்தை மட்டும் பிடிக்கும்.”

“எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவன் இருப்பான்” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அது அவர் என்னோடு சிரித்த கடைசிச் சிரிப்பு, வெகு காலத்துக்கு.

ஏனென்றால் அடுத்த நிமிடம் அந்த வேரை என் கையில் தந்தார். வெள்ளை வேர், இரண்டு விரல் நீளம். இரண்டு முனையும் நேராக, கூராக வெட்டுப்பட்டிருந்தது. கணுவிலிருந்து புது முளை. இன்னொன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், அதுவும் அப்படியே. தானாக ஓடி வந்த வேர் இப்படி இருக்காது. அது என் மண்வெட்டி வெட்டு, எனக்குத் தெரியாதா?

ஹசனுக்குத் தெரியவில்லை. கண்ணில் புரை. அவர் எழுந்து, என் துண்டுக்கு மறுபக்கம் இருந்த பதினான்காம் இலக்கத்தைப் பார்த்தார். அந்தத் துண்டு முழுக்க அதே புல், முழங்கால் உயரத்துக்கு. என் துண்டோ துடைத்த மாதிரிக் கிடந்தது. மிச்சம் முளைத்ததை நான் ஒவ்வொரு நாளும் செதுக்கி விட்டுக்கொண்டிருந்தேன்.

“அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது” என்றார் ஹசன். “சங்கத்துக்குச் சொல்லப் போகிறேன்.”

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். வேரைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.

5

பதினான்காம் இலக்கம் கவிதாவுடையது. திருச்சிப் பிள்ளை, கணவனும் அவளும் கம்பியூட்டர் வேலை, நாலாம் மாடியில் குடியிருப்பு. நாலு வருடம் காத்திருந்து துண்டு கிடைத்த நேரம் வயிற்றில் பிள்ளை. பேறுக்குப் பிறகு அவளால் அந்தப் பக்கம் வர முடியவில்லை, புல் எழும்பிவிட்டது. அவ்வளவுதான் அவள் செய்த பிழை.

ஒரு சனிக்கிழமை பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தாள். கையில் சங்கத்தின் கடிதம். பராமரிப்பில்லாத துண்டிலிருந்து களை பரவி அயல் பாத்தியைக் கெடுத்திருக்கிறது, நாலு கிழமைக்குள் பதில் தராவிட்டால் துண்டு எடுக்கப்படும்.

“அங்கிள், நீங்க ஒருத்தர்தான் இங்க தமிழ். தினமும் வர்றீங்க. நீங்களே சொல்லுங்க, நடுவுல கல்லு பதிச்ச பாதை இருக்கு. அதைத் தாண்டி என் புல்லு எப்படி அங்க போகும்?”

“ஓம்… பாதை இருக்குத்தான்.”

“ஆமா, அதை மட்டும் ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க அங்கிள், போதும். நான் பொய் சொல்லச் சொல்லலை. எம் பொண்ணு கார்ப்பெட்லயே தவழுறா, மண்ணுன்னா என்னன்னே தெரியாது. இங்கதான் அவ நடந்து பழகணும்னு நினைச்சேன்.” கண் கலங்கிவிட்டது. “இது போச்சுன்னா இன்னும் நாலு வருஷம் நிக்கணும்.”

“பாப்பம் பிள்ளை” என்றேன்.

எங்கள் ஊரில் பாப்பம் என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம், அது அந்தத் திருச்சிப் பிள்ளைக்குத் தெரியாது. அவள் அதை ஓம், அதாவது ஆம், என்று எடுத்துக்கொண்டு, “ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டு போனது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது.

வீட்டில் றெஜினா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். பையிலிருந்து அந்த வேரை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியை வைத்தாள்.

“பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.”

“நான் வேணுமெண்டு செய்யேல்லையப்பா.”

“புதைச்சது வேணுமெண்டு செய்யேல்லை. பேசாமல் வந்தது வேணுமெண்டுதானே செய்தனீங்கள்?”

எனக்குக் கோபம் வந்தது. “சொன்னா என்ரை துண்டை எடுத்துப்போடுவாங்கள். மற்றவன்ரை பாத்தியைக் கெடுத்தா எடுக்கலாமெண்டு சட்டத்திலை இருக்கு. நான் பிறகு இந்த நாலு சுவருக்கை என்னத்தைச் செய்யிறது?” என்று கத்தினேன். உண்மையில் என் பயம் அதுதான். ஓய்வு பெற்றபின் காலையில் எழும்புவதற்கு எனக்கிருந்த ஒரே காரணம் அந்தத் துண்டு.

“அந்தப் பிள்ளைக்கும் நாலு சுவர்தானே” என்றாள் றெஜினா. கத்தவில்லை. திரும்பவும் வெங்காயத்தை எடுத்தாள்.

மகள் ஷரோனுக்கு போன் எடுத்தேன். ஜெர்மனியில் பிறந்து, ஐந்து வயதில் இங்கே வந்து, இப்போது ரெடிங்கில் ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை. வீட்டில் மூன்று மொழி இருந்ததில் அவள் ஆங்கிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மிச்சம் இருப்பது அப்பா, அம்மா என்ற இரண்டு சொல். கதையைக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். “அப்பா, வெறும் புல்லுக்கா இவ்வளவு? எதையும் எழுத்தில் கொடுக்காதீர்கள். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்காததைச் சொல்லவே வேண்டாம்.”

போனை வைத்தேன். அந்தப் புத்தியை நான் அவளுக்கு ஒருநாளும் உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்ததில்லை. தமிழ் சொல்லிக் கொடுத்தேன், செபம் சொல்லிக் கொடுத்தேன், இரண்டும் நிற்கவில்லை. எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நடுங்கிய காலத்தில் நான் பிடித்துக்கொண்ட ஒன்று, யாரும் எங்கேயும் அனுப்ப முடியாத பிள்ளையிடம் போய் முளைத்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

6

ஞாயிறு பூசை முடிந்து, கோவில் உடுப்போடேயே தோட்டத்துக்குப் போனேன். ஹசன் கொட்டில் வாசலில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கண்ணாடிக் குவளை வைத்தார்.

நான் உட்காரவில்லை. வேரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். “இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள்” என்றேன். விரலால் தடவினார். தையல்காரரின் விரல், கண் காணாததை அது கண்டுபிடித்தது.

“வெட்டு” என்றார்.

“என் மண்வெட்டி. நீங்கள் வெட்டாதே என்றீர்கள், நான் வெட்டினேன். நீங்கள் ஊரில் இருந்தபோது மூன்று வண்டி கொண்டுவந்து உங்கள் பாத்தியில் புதைத்தேன். பசளை என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையின் புல் பாதையைத் தாண்டவில்லை. எல்லாம் நான்.”

ஹசன் என்னைப் பார்க்கவில்லை. பாத்தியைப் பார்த்தார். ஊதாவாகவும் பச்சையாகவும் அஸ்பாரகஸ் முளைகள், அவற்றைச் சுற்றிப் புல்.

“இதை முழுக்கக் கிளப்ப வேண்டும்” என்று மெதுவாகச் சொன்னார். “ஒவ்வொரு கிழங்காக. கழுவி, வேர் பொறுக்கி, திரும்ப நட வேண்டும். நட்டால் இரண்டு வருடம் வெட்ட முடியாது.” வேரை என் கையிலேயே திருப்பி வைத்தார். “தாஸ், எனக்கு எழுபத்தெட்டு.”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு வைத்த தேத்தண்ணீரை அவர் எடுத்து நிலத்தில் ஊற்றினார், குவளையைக் கழுவினார், கொட்டிலைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பின்னேரம் றெஜினா பக்கத்தில் இருந்து எழுத்துப் பிழை பார்க்க, என் கையால் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பதின்மூன்றாம் இலக்கத்தின் புல் என்னுடையது, நான் வெட்டினேன், நான் புதைத்தேன், பதினான்காம் இலக்கத்தில் குற்றமில்லை. நாலு வரி. முப்பத்தைந்து வருடத்தில் யாரும் கேட்காமல் நான் எழுதிக்கொடுத்த முதல் கடிதம். கையெழுத்துப் போடும்போது றெஜினா பேனையைப் பிடுங்குவது போல வந்து, என் கைக்கு மேல் தன் கையை வைத்தாள்.

கவிதாவிடமும் போய்ச் சொன்னேன். அவள் முகம் மாறியது. “அப்போ அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?” என்றாள்.

“ஓம் பிள்ளை. தெரியும்.”

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு சங்கத்தின் கூட்டம். செயலாளர் அம்மா என் கடிதத்தை வாசித்தார். கவிதாவுக்கு அனுப்பிய கடிதம் திரும்பப் பெறப்பட்டது, புல்லை வெட்ட அவளுக்கு அறுவடைக் காலம் வரை தவணை. அடுத்தது என் விஷயம். சட்டப்படி பன்னிரண்டாம் இலக்கத்தை எடுக்கலாம், கெட்டுப்போன பாத்திக்காரருக்குச் சம்மதமா என்று கேட்டார். அதுவரை ஹசன் என்னோடு ஒரு சொல் பேசியிருக்கவில்லை. எழுந்து நின்றார்.

“இவனை நீங்கள் அனுப்பிவிட்டால் என் பாத்தியை யார் கழுவுவது?” என்றார். “நானா? என் முழங்காலைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு இவன் இங்கே இருக்க வேண்டும். தண்டனை அது. பிறகு எடுங்கள்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஹசன் சிரிக்கவில்லை. பகிடிக்குச் சொல்லவில்லை அவர். என் பக்கம் திரும்பி, “அந்தக் கத்தியை என்னிடம் கொண்டுவா” என்றார். மண்வெட்டியைத்தான் சொன்னார். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் கொட்டிலில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்.

7

இலை மஞ்சளானதும், கார்த்திகையில், கிழங்குகளைக் கிளப்பினோம். கிளப்பியது நான். ஹசன் ஒரு முக்காலியில் இருந்து, நான் கழுவித் தருவதை விரலால் தடவித் தடவி வேர் பொறுக்கினார். கண்ணால் பார்த்துச் சரி என்று நான் கொடுத்த கிழங்குகளில் பாதியைத் திருப்பி எறிந்தார். ஐந்து நாள் ஆனது. மூன்றாம் நாள் கவிதா வந்தாள். என்னோடு பேசாமல் மகளை இறக்கி மண்ணில் விட்டாள். அது இரண்டு அடி தத்தித் தத்தி வைத்து, குப்புற விழுந்து, வாய் நிறைய மண்ணோடு எழும்பியது. “அய்யோ, துப்புடி!” என்று கவிதா ஓடினாள். பிறகு அவளும் ஒரு கிழங்கை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். ஐந்தாம் நாள் எனக்கு ஒரு டப்பாவில் தயிர்சாதம் வந்தது. “உப்பு குறைச்சல்னு சொல்லாதீங்க அங்கிள்” என்றாள். நான் சொல்லவில்லை. குறைவுதான்.

ஹசன் இந்தத் தையிலும் சைப்பிரசுக்குப் போனார். சாவியை இம்முறை யாரிடம் கொடுப்பார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி நாள் வந்து என் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டுப் போனார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அங்கேயிருந்து போன் வரும். சுகமா என்று கேட்பதில்லை. முதல் கேள்வியே, “பாத்தியில் என்ன போட்டாய்?”

“ஒன்றும் போடவில்லை.”

“நல்லது” என்று வைத்துவிடுவார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்றைய போனும் வந்தது. “பாத்தியில் என்ன போட்டாய்?”

“ஒன்றும் போடவில்லை” என்றேன்.

அவர் வைக்கவில்லை. கடற்காற்று இரைகிற சத்தம் கேட்டது.

“உன் பிள்ளையின் கோதுமை? அது முடிந்துவிட்டதா?”

“இல்லை. யன்னலில் இருக்கிறது.”

“கொண்டுபோய் வை. பாத்திக்கு நடுவில் வேண்டாம், ஓரத்தில் வை. வைக்க முன் வேரைப் பார்.” பிறகு, “கோதுமைக்கு வேர் எப்படி இருக்கும்?” என்று பரீட்சை வைத்தார்.

“தாடி மாதிரி.”

“சரி. இன்னும் இரண்டு ஏப்ரல் பொறு. அதற்கு அடுத்த ஏப்ரல் முட்டை நீ கொண்டுவா.”

அவருக்கு எழுபத்தொன்பது நடக்கிறது. ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியிருக்கும்.

படிவத்தின் கடைசிப் பெட்டியில் எழுதினேன்: ‘பதின்மூன்றாம் இலக்கத்தின் ஓரத்தில் இன்று கோதுமை வைக்கிறேன். உரியவர் சம்மதித்திருக்கிறார்.’ அதற்கு இன்னொரு படிவம் வந்தால் வரட்டும். றெஜினா தட்டை எடுத்து வந்து மேசையில் பழைய பேப்பரை விரித்தாள். இருவரும் எதிரெதிரே இருந்து, ஒவ்வொரு பயிராகக் கிளப்பி, மண்ணை உதறி, வேரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.